புதுக் கிளச்சும் ஏன் எரிகிறது?

இப்பகுதிக்கு வரும் கடிதங்களிற் பெரும்பாலானவை தையல் மெஷின், தண்ணீர் மோட்டார், பிரிஜ் என்ற வட்டத்துக்குள்தான் அடங்கும். இம்முறை கிழக்கு மாகாணத்திலிருந்து ஒரு சகோதரி, ரிமோட்டில் ஓடும் கார் ஒன்றைப் பற்றி எழுதியிருக்கிறார். விளையாட்டுச் சாமான்தானே என்று ஒதுக்கிவிட முடியாத கடிதம் அது. சுருக்கித் தருகிறேன்.

"மகனுக்குப் பதின்மூன்று வயது. நோன்புப் பெருநாளுக்கு வந்த என் தம்பி கட்டாரிலிருந்து இந்தக் காரைக் கொண்டுவந்து கொடுத்தார். பற்றரியில் ஓடுவதல்ல, எண்ணெய் ஊற்றி ஓட்டுவது. எண்ணெயைத் தெரிந்த பையன் ஒருவன் கொழும்பில் வாங்கி, சோடாப் போத்தல் ஒன்றில் ஊற்றிக் கொடுத்தான். ஒரு மாதத்தில் கிளச் எரிந்துவிட்டது. தம்பியிடம் சொல்லிப் புதுச் செட் ஒன்று எடுப்பித்தோம். இரண்டு கிழமையில் அதிலும் எரிந்த மணம். உள்ளே இருக்கும் கிண்ணம் போன்ற சாமான் நீல நிறமாகிவிட்டது. எஞ்சின் அடிக்கடி நின்று போகிறதென்று மகன் ஏதோ ஒரு ஸ்குரூவை முறுக்கினான். இப்போது ஸ்டார்ட் பண்ணியதும் கையால் பிடித்திருக்காவிட்டால் தானாக ஓடுகிறது. பிள்ளைகள் கடற்கரையில்தான் ஓட்டுகிறார்கள். இன்னொரு செட்டுக்குச் சல்லி செலவழிப்பதா, காரை அலுமாரியில் வைத்துப் பூட்டிவிடுவதா? சின்ன மகளுக்கு மூன்று வயது. அவளும் அதன் பின்னாலேயே ஓடுகிறாள்."

இரண்டும் வேண்டாம், சகோதரி. இன்னொரு செட் வாங்கிப் போட்டால் அதுவும் இரண்டு கிழமையில் எரியும். அலுமாரியில் பூட்டினால் பழுது அப்படியே இருக்கும். நீங்கள் வீட்டில் இல்லாத ஒருநாள் மகன் எடுப்பான். காரணத்தைக் கண்டுபிடிக்கும் வரை மட்டும் காரை ஓட்ட விடாதீர்கள். தானாக நகரும் ஒரு காரின் பின்னால் மூன்று வயதுப் பிள்ளை ஓடுகிறது என்ற உங்கள் கடைசி வரிதான், எரிந்த கிளச்சைவிட என்னை அதிகம் யோசிக்க வைத்தது.

முதலில் கிளச் என்பது என்னவென்று பார்ப்போம். இந்தக் கார்களின் எஞ்சின் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். 1/10 அளவுக் காரில் 2.5 கன சென்ரிமீற்றர், 1/8 அளவுக் காரில் 3.5 கன சென்ரிமீற்றர் என்பது வழக்கமான கொள்ளளவு. ஆனால் அது சுற்றும் வேகமோ நிமிடத்துக்கு 30,000 தடவைக்கும் மேல் போகக்கூடியது. எஞ்சினின் தண்டில் பிளைவீல் என்ற கனமான வட்டு ஒன்று இருக்கிறது. அதில் மூன்று சிறிய ஷூக்கள் மாட்டப்பட்டிருக்கும். ஒவ்வொரு ஷூவையும் ஒரு ஸ்பிரிங் உட்பக்கமாக அழுத்திப் பிடித்திருக்கும். இவற்றின் மேல் கிண்ணத்தைக் கவிழ்த்தாற்போல் ஓர் உருக்கு மூடி. அதுதான் நீங்கள் நீலமாகிவிட்டதாக எழுதிய சாமான். கிளச் பெல் என்பார்கள். பெல்லோடு சேர்ந்திருக்கும் சிறிய பற்கள் பெரிய பற்சில்லைச் சுற்ற, அது காரின் சில்லுகளைச் சுற்றும்.

எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது ஸ்பிரிங்கின் பலம் மேலோங்கி நிற்கும். ஷூக்கள் உள்ளே ஒடுங்கியிருக்க, கார் அசையாமல் நிற்கும். வேகம் கூடியதும் ஷூக்கள் வெளியே வீசப்பட்டுப் பெல்லின் உட்சுவரைப் பிடித்துக்கொள்ளும். தண்ணீர் வாளியை வேகமாகச் சுழற்றினால் தண்ணீர் சிந்தாமல் அடியோடு ஒட்டிக்கொண்டிருக்குமே, அதே கதைதான்.

ஸ்கூட்டர் ஓட்டும் சகோதரிகள் இவ்விடத்தில் சற்று நில்லுங்கள். கியர் மாற்றாமல் ஓடும் 110 சீ.சீ. ஸ்கூட்டர்களின் பின்சில்லுப் பக்கம் இருப்பதும் இதே வகைக் கிளச்தான். அதே ஷூ, அதே ஸ்பிரிங், அதே கிண்ணம். அளவுதான் பெரிது. மேட்டில் சிக்னலுக்கு நிற்கும்போது பிரேக்கைப் பிடிக்காமல், எக்ஸலேற்றரைக் கொஞ்சம் முறுக்கியே ஸ்கூட்டரைப் பின்னால் வழுக்காமல் நிறுத்தி வைத்திருக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. புதிதாகப் பழகுபவர்கள் பயத்தில் பிரேக்கையும் எக்ஸலேற்றரையும் ஒன்றாகவே பிடித்திருப்பார்கள். இரண்டிலும் ஷூக்கள் பெல்லோடு தேய்ந்துகொண்டே இருக்கின்றன. சில மாதங்களில் ஸ்கூட்டர் புறப்படும்போது நடுங்கத் தொடங்கினால், மெக்கானிக்கிடம் போகுமுன் அந்தப் பழக்கத்தை நினைத்துப் பாருங்கள். மேட்டில் பிரேக்கைப் பிடித்து நில்லுங்கள். புறப்படும்போது பிரேக்கை விட்டு எக்ஸலேற்றரைத் திருப்புங்கள்.

இனிக் காருக்கு வருவோம். கிளச் முழுதாக விட்டிருந்தால் சூடில்லை. முழுதாகப் பிடித்திருந்தாலும் சூடில்லை. பிடித்தும் பிடிக்காமலும் உரசிக்கொண்டிருக்கும்போதுதான் சூடு. கிளச் மோட்டார் பூட்டிய பழைய ஜூக்கி மெஷினில் தைப்பவர்களுக்கு இது கால் அறிந்த விஷயம். மெல்லத் தைக்க வேண்டுமென்று பெடலை அரைவாசி அமுக்கியபடியே நெடுநேரம் தைத்தால், மோட்டாருக்குள் இருக்கும் தக்கை வட்டு தேய்ந்து மணக்கும். ஆகவே நாம் தேட வேண்டியது எரிந்த சாமானையல்ல. அதை ஓயாமல் உரச வைத்தது எது என்பதைத்தான் தேட வேண்டும்.

அந்த நீல நிறம் ஒரு நல்ல சாட்சி. காலில் தைத்த முள்ளை எடுக்க ஊசியை நெருப்பில் காட்டுவோமல்லவா? ஊசி முதலில் வைக்கோல் நிறமாகும், பிறகு கபிலமாகும், அதன் பின் நீலமாகும். உருக்கின் இயல்பு அது. ஏறத்தாழ 220 பாகை செல்சியசில் வைக்கோல் நிறமும் 300 பாகை அளவில் நீலமும் வரும். இந்த எஞ்சின்களின் தலைப்பகுதி ஒழுங்காக ஓடும்போது 100 முதல் 120 பாகை வரைதான் சுடும். எனவே உங்கள் வீட்டுக் கார் பெல்லின் சூடு எஞ்சினிலிருந்து வந்ததல்ல. அங்கேயே, உரசலினால் பிறந்தது.

எப்படி இது நேர்ந்திருக்கும் என்பதற்குக் கடிதத்திலேயே விடை ஒளிந்திருக்கிறது. எஞ்சின் நின்று நின்று போயிருக்கிறது. மகன் ஒரு ஸ்குரூவை முறுக்கியிருக்கிறார். அது எஞ்சினின் ஓய்வு வேகத்தை, மெக்கானிக்மார் ஐட்லிங் என்பதை, கூட்டும் ஸ்குரூ. எஞ்சின் நிற்பது குறைந்திருக்கும். ஆனால் எக்ஸலேற்றரைத் தொடாதபோதும் எஞ்சின் வேகமாகச் சுற்றுவதால் ஷூக்கள் வெளியே வந்து பெல்லைத் தொட்டுவிட்டன. கார் தானாக நகர்கிறது. நகராமலிருக்க என்ன செய்வார்கள்? கையால் பிடிப்பார்கள், அல்லது பிரேக்கை இறுக்குவார்கள். கார் நிற்கிறது, ஷூக்கள் நிற்கும் பெல்லுக்குள் சுற்றிச் சுற்றித் தேய்கின்றன. மேட்டில் எக்ஸலேற்றரோடு நிறுத்தி வைத்த ஸ்கூட்டரின் நிலை இதுவே. இந்த நிலையில் பொன்னால் செய்த ஷூவைப் போட்டாலும் நிலைக்காது.

அப்படியானால் எஞ்சின் முதலில் ஏன் நின்றது? இங்கேதான் அந்தச் சோடாப் போத்தல் வருகிறது.

இந்தக் கார்களுக்கு ஊற்றுவது பெற்றோல் அல்ல. அதன் பெரும்பகுதி மெதனோல் என்ற மதுசாரம். அத்தோடு நைட்ரோமெதேன் என்ற இரசாயனம் சாதாரணமாக 10 முதல் 30 வீதம் வரையிலும், எஞ்சின் தேயாதிருக்க ஆமணக்கெண்ணெயோ செயற்கை எண்ணெயோ சேர்ந்திருக்கும். மெதனோல் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும் பொருள். நம் கரையோரக் காற்றில் ஈரத்துக்குக் குறைவில்லை. மூடி சரியாக இறுகாத போத்தலில் சில கிழமைகள் இருந்தாலே எரிபொருள் தரம் குறைந்துவிடலாம். அதன் பிறகு ஸ்டார்ட் பண்ணக் கஷ்டம், ஐட்லிங்கில் தடுமாற்றம், நின்று போவது எல்லாம் வரும். மூடியில் தொடங்கிய குறை ஸ்குரூவுக்குப் போய், பிரேக்குக்குப் போய், கடைசியில் கிளச்சில் வந்து எரிந்திருக்கிறது என்றே நான் நினைக்கிறேன். உள்ளே சிவந்து எரியும் சிறு கம்பிச் சுருள் கொண்ட குளோ பிளக் பழுதானாலும் இதே தடுமாற்றம் வரும். ஆகையால் அதையும் சேர்த்து மாற்றிப் பார்ப்பது நல்லது.

அந்தப் போத்தலைப் பற்றி இன்னொன்று. இதை வாசித்து முடிக்குமுன் எழுந்து போய்ச் செய்யுங்கள் என்றாலும் பிழையில்லை. இந்த எரிபொருளுக்குப் பெரும்பாலும் இளஞ்சிவப்பு, சிவப்பு, நீலம், பச்சை என்று சாயம் சேர்த்திருப்பார்கள். சோடாப் போத்தலில் இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு திரவம் இருந்தால் மூன்று வயதுப் பிள்ளை அதை என்னவென்று நினைக்கும்? சர்பத் என்றுதான் நினைக்கும். பெரியவர்களுக்கே அப்படித் தோன்றலாம். மெதனோல் கடும் நஞ்சு. 10 மில்லிலீற்றர் அளவே ஒருவரின் கண்பார்வையைப் பறிக்கப் போதுமானது. சிறுபிள்ளைக்கு அதைவிடக் குறைந்த அளவும் உயிராபத்து. குடித்தவுடன் பெரிதாக ஒன்றும் தெரியாமல் இருக்கலாம். வாந்தி, மயக்கம், பார்வை மங்குதல் ஆகியவை 12 மணித்தியாலம் கழித்தும் ஒரு நாள் கழித்தும்கூட வரக்கூடும். ஆகவே ஒரு மிடறு குடித்ததாகச் சந்தேகம் வந்தாலும் அறிகுறிக்காகக் காத்திருக்கவோ, வாந்தியெடுக்க வைக்கவோ வேண்டாம். போத்தலையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள், அல்லது 1990க்கு அழைத்து அம்புலன்ஸை வரவழையுங்கள்.

எரிபொருளை அதன் சொந்தக் கொள்கலனிலேயே, மூடியை இறுக்கி, குசினிக்கு வெளியே, வெயில் படாத, பூட்டுள்ள இடத்தில் வையுங்கள். பழைய சோடாப் போத்தலில் இருப்பதை இனிக் காருக்கு ஊற்ற வேண்டாம். ஓடி முடிந்ததும் தாங்கியில் மிஞ்சியதைத் திரும்பப் போத்தலில் ஊற்றுவதும் கூடாது. மெதனோல் எரியும் சுவாலை வெயில் வெளிச்சத்தில் சரியாகக் கண்ணுக்குத் தெரியாது என்பதையும் மகனுக்குச் சொல்லி வையுங்கள். எரிபொருள் ஊற்றும் இடத்தில் ஒரு வாளி தண்ணீர் இருக்கட்டும். வீட்டுக்குள்ளோ மூடிய கராஜிலோ எஞ்சினை ஓட விடவே வேண்டாம், அதன் புகை நஞ்சு.

இனிப் பரிசோதனை. மகனையே செய்ய விடுங்கள், நீங்கள் அருகில் இருங்கள். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். தாங்கி வெறுமையாக இருக்க வேண்டும்.

காரை ஒரு மரக்கட்டையின் மேல் சில்லுகள் தரையில் முட்டாதபடி வையுங்கள். ரிமோட்டை முதலில் போட்டு, பிறகு காரின் சுவிட்சைப் போடுங்கள். ரிமோட்டின் விசையைத் தொடாமல் சில்லுகளைக் கையால் சுழற்றிப் பாருங்கள். தாராளமாகச் சுற்றி மெல்ல நிற்க வேண்டும். உடனே நின்றுவிட்டால் பிரேக் உரசுகிறது. பிரேக்கையும் எக்ஸலேற்றரையும் ஒரே சிறு மோட்டார்தான் இரண்டு கம்பிகளால் இழுக்கிறது. பிரேக் கம்பியிலுள்ள சிறு வளையத்தைத் தளர்த்தி, விசையை முன்னே தள்ளினால் மட்டும் பிரேக் பிடிக்கும்படி வைக்க வேண்டும். ரிமோட்டில் டிரிம் என்ற சிறு திருகோ பொத்தானோ இருக்கும். பிள்ளைகள் அதை விளையாட்டாக நகர்த்திவிடுவதுண்டு. அது நடுவில் இருக்கட்டும்.

சில்லைச் சுழற்றும்போது பிளைவீலையும் கவனியுங்கள். இது முக்கியம். சில்லோடு சேர்ந்து பிளைவீலும் சுற்ற முயன்றால், அல்லது எஞ்சினின் அமுக்கத்தில் சில்லு முட்டி முட்டி நின்றால், பெல் தண்டோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள். பெயாரிங் இறுகியிருக்கலாம், ஸ்பிரிங் முறிந்து ஷூ வெளியே சிக்கியிருக்கலாம். இப்படி இருக்கும் காரை ஸ்டார்ட் பண்ணினால் அது ரிமோட்டுக்குக் கட்டுப்படாமல் ஓடும்.

அடுத்து, காற்று வடிகட்டியைக் கழற்றி கார்பரேற்றரின் வாயைப் பாருங்கள். விசையைத் தொடாத நிலையில் உள்ளே தெரியும் இடைவெளி ஏறக்குறைய 1 மில்லிமீற்றர் இருந்தாற் போதும். மகன் முறுக்கிய ஸ்குரூ இந்த இடைவெளியை அதற்கு மேல் திறந்து வைத்திருக்கக்கூடும். மெல்லத் திருப்பிப் பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள். வடிகட்டியைத் திரும்பப் பூட்ட மறக்க வேண்டாம். கடற்கரை மண் ஒரு சிட்டிகை உள்ளே போனால் கிளச்சை அல்ல, எஞ்சினையே மாற்ற வேண்டி வரும்.

பிறகு பெல்லைக் கழற்றுங்கள். முனையில் ஒரு சிறு ஸ்குரூவோ, ஈ எழுத்துப் போன்ற கிளிப்போ இருக்கும். கழற்றுமுன்பும் ஒவ்வொரு சாமானாகக் கழற்றும்போதும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தலைமயிர் தடிப்பளவு மெல்லிய வொஷர்கள் வரும். அவற்றின் ஒழுங்கு மாறக்கூடாது. வெள்ளைப் பீங்கான் தட்டொன்றில் வரிசையாக வையுங்கள். ஸ்பிரிங்கைக் கழற்றும்போது ஒரு பொலிதீன் பைக்குள் கையை வைத்துக் கழற்றினால், துள்ளிப் போனாலும் பைக்குள்ளேயே கிடக்கும்.

பெல்லுக்குள் இரண்டு சிறிய பெயாரிங்குகள் இருக்கும். அதிகமாக இந்தப் பழுதில் சாவது அவைதான். உள்ளே இருக்கும் கிறீஸ் சூட்டில் எரிந்துவிடும். பிறகு உலர்ந்து, சத்தமிட்டு, ஒருநாள் இறுகிவிடும். விரலில் மாட்டிச் சுழற்றிப் பாருங்கள். கரகரப்பு இருந்தாலோ ஆட்டம் இருந்தாலோ மாற்றத்தான் வேண்டும். 1/8 அளவுக் கார்களில் 5 மில்லிமீற்றர் துளை, 10 மில்லிமீற்றர் வெளிவிட்டம், 4 மில்லிமீற்றர் தடிப்பு என்பது பரவலாகக் காணப்படும் அளவு. ஆனால் மாதிரிக்கு மாதிரி வேறுபடும். பழையதையே பெயாரிங் கடைக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள். ஓட்டப் போட்டிக்காரர்கள் இந்த இரண்டு பெயாரிங்குகளையும் ரயரைப் போலத் தேய்ந்து மாற்ற வேண்டிய பொருளாகவே நினைக்கிறார்கள்.

ஷூக்களின் முகம் கண்ணாடி போல் மினுங்கினால் மென்மையான அரத்தாளில் இலேசாகத் தேய்த்து அந்த மினுக்கத்தை எடுங்கள். பெல்லின் உட்சுவரையும் அப்படியே. நீலமான பெல் உடனே எறிய வேண்டியதல்ல. வட்டம் கெடாமல், உட்சுவரில் ஆழமான கோடு விழாமல், பற்கள் கூராகாமல் இருந்தால் இன்னும் ஓடும். ஆனால் அவ்வளவு சூடு கண்ட உருக்கு முன்னைப் போல் கடினமாக இராது, பற்கள் சற்று விரைவாகத் தேயும். ஸ்பிரிங்குகள் மட்டும் சூடு பட்டவையாயின் மூன்றையும் ஒன்றாக மாற்றுங்கள். ஒன்று புதிது, இரண்டு பழையது என்று போடக்கூடாது. 1/8 அளவுக் கார்களுக்கு 0.9, 1.0, 1.1 மில்லிமீற்றர் கம்பித் தடிப்பில் ஸ்பிரிங்குகள் கிடைக்கின்றன. தடித்த ஸ்பிரிங் ஷூக்களைக் கூடுதல் நேரம் பிடித்து வைத்திருக்கும். அதனால் எஞ்சின் வேகமெடுத்த பின்பே கார் புறப்படும். உங்கள் மகனுக்கு நடுத்தரமானது போதும். ஷூக்களைத் திரும்ப மாட்டும்போது படத்தைப் பார்த்து அதே திசையில் மாட்டுங்கள், திசை மாறினால் பிடிப்பின் தன்மையும் மாறிவிடும்.

கிளச்சுக்குள் எண்ணெய்ப் பசை இருந்தால் அதுவும் காரணம்தான். எண்ணெய் பட்ட ஷூ வழுக்கும், வழுக்கினால் சுடும். ஸ்பிரிற் தோய்த்த துணியால், அடுப்பிலிருந்து தூரத்தில் வைத்துத் துடையுங்கள். ஒவ்வொரு முறையும் எண்ணெய் வருகிறதென்றால் எஞ்சினின் முன்பெயாரிங் ஒழுகுகிறது. அது வீட்டில் செய்யும் வேலையல்ல.

எல்லாவற்றையும் பூட்டிய பின் பெல்லைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். ஒரு தாள் தடிப்பளவு அசைவு இருக்க வேண்டும். அசைவே இல்லையென்றால் வொஷர் கூடிவிட்டது, ஓடும்போது இறுகிச் சுடும். பெல்லின் பற்களும் பெரிய பற்சில்லும் சந்திக்கும் இடத்தையும் பாருங்கள். மிக இறுக்கமாகச் சேர்ந்திருந்தால் பெயாரிங் தாங்காது. கொப்பித் தாளில் ஒரு கீலத்தை வெட்டி இரண்டுக்கும் நடுவில் வைத்து, எஞ்சினை நெருக்கி, அடியிலுள்ள ஸ்குரூக்களை இறுக்குங்கள். பிறகு சில்லைச் சுழற்றித் தாளை வெளியே எடுங்கள். தாள் மடிப்பு மடிப்பாக, ஆனால் கிழியாமல் வந்தால் இடைவெளி சரி. பற்சில்லு முழு வட்டமாக இராது. ஆகவே இரண்டு மூன்று இடங்களில் இப்படிப் பாருங்கள்.

புது எரிபொருள் ஊற்றி, கார் கட்டையின் மேல் இருக்கும்போதே ஸ்டார்ட் பண்ணுங்கள். அந்நிலையில் சில்லுகள் இலேசாகச் சுற்றுவது பெரிய குற்றமல்ல. தரையில் வைத்தால் அசையாமல் நிற்க வேண்டும். நகர்ந்தால் ஐட்லிங்கை இன்னும் குறையுங்கள். குறைத்ததும் நின்று போகிறதென்றால் திரும்ப அந்த ஸ்குரூவுக்குப் போக வேண்டாம். எரிபொருளும் காற்றும் கலக்கும் ஊசியைப் பார்க்க வேண்டும். விசையை விட்ட பின்பும் எஞ்சின் சிறிது நேரம் உயர்ந்த வேகத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தால் எரிபொருள் போதவில்லை. ஊசியைக் கடிகாரத்தில் ஐந்து நிமிட அளவு திறந்து, ஓட்டிப் பார்த்து, தேவையானால் மீண்டும் அதே அளவு திறக்கலாம்.

ஐந்து நிமிடம் ஓடிய பின் ரொட்டிக் கல்லுக்குச் செய்யும் சோதனையைச் செய்யுங்கள். எஞ்சினை நிறுத்தி அதன் தலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் மூன்று முதல் ஐந்து செக்கன்களில் வற்ற வேண்டும். விட்டதும் சீறி மறைந்தால் எஞ்சினே மிதமிஞ்சிச் சுடுகிறது. பெல்லின் மேலும் ஒரு சொட்டு விடுங்கள். எஞ்சின் தலையில் நிதானமாக வற்றுவது பெல்லில் சீறினால், உரசல் இன்னும் தீரவில்லை. விரலால் தொட்டுப் பார்க்க மட்டும் வேண்டாம்.

கடற்கரை விஷயம். உலர்ந்த மணலில் சில்லு புதைந்து இழுக்கும்போது எஞ்சினால் வேகமெடுக்க முடியாது. ஷூக்கள் அரைப் பிடியிலேயே உழன்றுகொண்டிருக்கும். மணல் பெல்லுக்குள்ளும் புகும். உயர்ந்த புல்லில் ஓட்டுவதும், நடை வேகத்தில் ஊர்ந்து ஊர்ந்து ஓட்டுவதும் இப்படித்தான். இந்தக் கார் இறுகிய தரையில் விரைவாக ஓடுவதற்கே செய்யப்பட்டது. அலை நனைத்த ஈர மணல் கட்டியாக இருந்தாலும் உப்பு நீர் பெயாரிங்குகளைத் தின்றுவிடும். மைதானம்தான் சரியான இடம்.

இனி, கார் கட்டுப்பாட்டை மீறினால் எப்படி நிறுத்துவது என்பதை மகன் மட்டுமல்ல, நீங்களும் தெரிந்திருக்க வேண்டும். சில்லுகள் தரையைத் தொடாதபடி காரை உடலோடு தூக்கிக்கொண்டு, தாங்கியிலிருந்து எஞ்சினுக்குப் போகும் ரப்பர் குழாயை விரலால் நசுக்கிப் பிடியுங்கள். சில செக்கன்களில் எஞ்சின் நின்றுவிடும். குழாய் கைக்கெட்டாவிட்டால், தடித்த ஈரத்துணியை மடித்துப் புகைக்குழாயின் வாயை அடையுங்கள். இதை நின்ற காரில் இரண்டு தடவை ஒத்திகை பார்த்துக்கொள்ளட்டும். ஓடிவரும் காரைக் காலால் தடுக்கப் போகக்கூடாது. அந்த எடை அந்த வேகத்தில் வந்தால் பெரியவர்களின் கணுக்காலையே காயப்படுத்தும். சின்ன மகள் அந்நேரம் ஒருவரின் கையிலோ இடுப்பிலோ இருக்க வேண்டும். பக்கத்தில் நின்றால் போதாது. ரிமோட்டின் பற்றரி தளர்ந்தாலும் கார் சொற்கேளாது என்பதால், ஓட்டுமுன் அதைப் பார்ப்பதும் அவசியம்.

பற்றரியில் ஓடும் கார் வைத்திருக்கும் வீடுகளுக்கும் ஒரு வார்த்தை. அவற்றில் பலவற்றில் ஸ்லிப்பர் கிளச் என்ற வேறொரு வகை இருக்கிறது. பற்சில்லின் இருபுறமும் தட்டுகள், அவற்றை ஒரு ஸ்பிரிங்கும் நட்டும் நெருக்கிப் பிடித்திருக்கும். கார் குதித்து விழும்போது பற்கள் உடையாமல் சற்று வழுக்கிக் கொடுப்பதே அதன் வேலை. நட் தளர்ந்திருந்தால் ஓயாமல் வழுக்கி, சூட்டில் பிளாஸ்ரிக் பற்சில்லு நடுவிலிருந்தே உருகும். மோட்டார் கத்துகிறது, கார் மட்டும் மெல்லப் போகிறது, பிளாஸ்ரிக் மணக்கிறது என்றால் அதுதான். காரோடு வந்த புத்தகத்தில் எவ்வளவு இறுக்கி எவ்வளவு தளர்த்துவது என்று இருக்கும், அதன்படி செய்தாற் போதும்.

தம்பியிடம் இம்முறை முழுக் கிளச் செட் கேட்காதீர்கள், சகோதரி. ஒரு ஸ்பிரிங் செட், பெல்லுக்கான பெயாரிங் இரண்டு, ஒரு குளோ பிளக் ஆகியவற்றைக் காரின் மாதிரி இலக்கத்தோடு எழுதி அனுப்புங்கள். பழைய ஷூக்கள் பாதிக்கு மேல் தேய்ந்திருந்தால் மட்டும் அவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எரிபொருளை அவரிடம் கேட்க வேண்டாம், விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள்.